டிரெஸ்டனில் கிறிஸ்துமஸ் லீவு: ஹாஸ்டலில் என்ன சமைக்கலாம்?

எல்பே_கரை:
ஜெர்மன் தோழிகள் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். மிச்சம் நான், ஒரு வியட்நாம் பெண், இரண்டு கொலம்பியப் பையன்கள். 24ஆம் தேதி ராத்திரி சேர்ந்து சாப்பிடலாம் என்று பேச்சு. பொதுச் சமையலறையில் இரண்டு அடுப்புதான் எரிகிறது. ஒருவன் சைவம் வேறு. என்ன செய்யலாம்?

பழைய_குளிர்:
முதலில் கடையைப் பாருங்கள். 24ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடுவார்கள். 25, 26 விடுமுறை. அரிசி, தயிர், வெங்காயம் எல்லாம் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். விட்டால் ஸ்டேஷன் கடைதான் கதி, விலையைக் கேட்டால் பசியே போய்விடும். ஸ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் கேக்கும் கிறிஸ்துமஸ் சந்தை முடிவதற்குள் வாங்குங்கள்.

எலுமிச்சை_சாதம்:
யாரிடமாவது ராக்லெட் அடுப்பு இரவல் கிடைக்குமா? மேசை நடுவே வைத்து, ஆளாளுக்குச் சின்னத் தட்டில் உருளைக்கிழங்கு, காளான், மேலே சீஸ் போட்டு உருக்கிக்கொள்ளலாம். சைவத்துக்குத் தட்டைத் தனியாக வைத்தால் தகராறே இல்லை. நான் இட்லிப் பொடியும் தூவுவேன், சிரிக்காதீர்கள்.

எல்பே_கரை:
மூன்றாவது மாடியில் ஒருவரிடம் இருக்கிறதாம், நன்றி! கொலம்பியாவில் அன்று ராத்திரிதான் பெரிய விருந்தாம். அந்தப் பையன்களில் ஒருவன் புன்யுவெலோ என்று சீஸ் உருண்டை பொரிக்கப் போகிறானாம். சரி, எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு அடுப்பு போச்சு.