பழைய லேலண்டி வேலியை எடுத்துவிட்டு எதை நடலாம்?

கேள்வி (ஹாரோ, லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு நாங்கள் வாங்கிய வீட்டின் பின்தோட்டத்தில், பக்கத்து வீட்டு எல்லையை ஒட்டி, எங்கள் மண்ணிலேயே 14 மீட்டர் நீளத்துக்கு லேலண்டி (விரைவாக உயரும், இலை உதிராத கூம்புமர வகை) வேலி நிற்கிறது. முன்பு இருந்தவர்கள் கத்தரிக்காமல் விட்டுவிட்டதால் நான்கு மீட்டரைத் தாண்டி வளர்ந்து, இரண்டு வீட்டுக்கும் பிற்பகல் வெயிலை மறைக்கிறது. மே மாதம் ஆள் வைத்து எங்கள் பக்கம் ஒன்றரை அடி உள்ளே வெட்டினோம். செப்டம்பர் வந்துவிட்டது, வெட்டிய பக்கம் முழுவதும் பழுப்புக் குச்சிகளாகவே இருக்கிறது, ஒரு துளிர்கூடக் காணோம். முழுவதையும் எடுத்துவிட்டு, இலை உதிராத வேறு செடியை வேலியாக வளர்க்க விரும்புகிறோம். அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டுமா? எந்தச் செடி விரைவாக மறைப்புத் தரும்? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் (ரெடிங்)

அந்தப் பழுப்புப் பக்கம் இனித் துளிர்க்காது. பச்சை இலை இல்லாத பழைய கட்டைப் பகுதியிலிருந்து லேலண்டி மறுபடி தழைப்பதில்லை என்பதால், எடுத்துவிடுவது என்ற உங்கள் முடிவு சரியானதே. இன்னொன்று: மார்ச் முதல் ஆகஸ்டு வரை பறவைகள் கூடு கட்டும் காலம், புழக்கத்தில் உள்ள கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மே மாதத்தில் வெட்டியது போகட்டும், மீதியை இப்போது செய்யலாம்.

வெட்டிய லேலண்டிக் கட்டை மீண்டும் முளைக்காது, ஆகவே அதற்கு மருந்து வைக்கத் தேவையில்லை. ஆனால் அதே வரிசையில் நட வேண்டுமென்றால் கட்டைகளை இயந்திரத்தால் அரைத்து எடுப்பதே நல்லது. அதற்கு முன் அங்கே மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அரைத்த மரத்தூளை அங்கேயே புதைத்துவிட்டுப் போகச் சிலர் பார்ப்பார்கள், விடாதீர்கள். தூள் மக்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், புதுச் செடி வெளிறிப்போகும்.

எல்லோரும் எந்தச் செடி என்று கேட்கிறார்கள், எந்த மண் என்று கேட்பதில்லை. நல்ல மழை பெய்த மறுநாள் உங்கள் வேலியின் அடியில் உதிர்ந்த இலைமெத்தையை விலக்கி, ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் மண் பொடிப்பொடியாக உலர்ந்திருக்கும். இத்தனை ஆண்டுகளாக நீரையும் சத்தையும் உறிஞ்சிய அந்த வேர்ப்பின்னலை அகற்றி, ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கிளறி, நன்கு மக்கிய எருவைக் கலந்துவிட்டுத்தான் நட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

செடி என்று கேட்டால் நான் யூ (yew) என்ற இலை உதிராத ஊசியிலை மரத்தையே சொல்வேன். ஆண்டுக்கு 20 முதல் 30 செ.மீ. வரைதான் வளரும், ஆனால் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும். ஒரு வேடிக்கை பாருங்கள்: லேலண்டி என்ற கலப்பினம் 1888இல் தோன்றியது வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகே உள்ள லேட்டன் ஹாலில். அதே வெல்ஷ்பூலின் பவிஸ் கோட்டையில், சுமார் 300 ஆண்டுப் பழைய யூ வேலிகள் ஆண்டுதோறும் கத்தரிக்கப்பட்டு இன்றும் கட்டுக்கோப்பாக நிற்கின்றன.

பதில் (பர்மிங்காம்)

யூவைப் பற்றி ஐயா சொன்னது உண்மைதான், ஆனால் அதன் இலையும் விதையும் கடுமையான நஞ்சு. செந்நிறச் சதையைப் பழமென்று எண்ணிக் குழந்தை வாயில் போட்டு விதையைக் கடித்துவிட்டால் ஆபத்து. அதற்காக இங்கே பலரும் வேலிக்கு வைக்கும் செர்ரி லாரல் என்ற அகன்ற இலைப் புதரை நடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், அதுவும் நஞ்சுதான். தவிர, வேகமாக வளர்கிறதே என்று அதை நட்டால் சில ஆண்டுகளில் லேலண்டியோடு பட்ட பாட்டையே மறுபடியும் படுவீர்கள். எங்கள் வீட்டில் ஹாலி (holly) என்ற இலை உதிராத செடியை வைத்திருக்கிறோம். முள் உண்டு, வளர்ச்சி மெதுவு, ஆனால் வெட்டினால் நன்றாகத் தழைக்கிறது. அதன் சிவப்புப் பழத்தையும் தின்னக்கூடாது என்பதால் கத்தரிக்கும்போதே பழக்கொத்துகளை நீக்கிவிடுகிறேன்.

பதில் (வெம்பிளி)

ஒரு எச்சரிக்கை. உங்கள் பகுதி லண்டன் களிமண். பெரிய மரங்களை எடுத்தபின் அவை உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கி, களிமண் உப்பி, அருகிலுள்ள அடித்தளத்தைத் தூக்கிவிடுவதுண்டு. வேலியின் ஒரு முனை வீட்டுச் சுவரை நெருங்கினால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன் கட்டட ஆய்வாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேட்டவர் (ஹாரோ)

மூவருக்கும் நன்றி. வேலி வீட்டிலிருந்து தள்ளியே முடிகிறது என்றாலும் ஆய்வாளரிடம் கேட்டுவிட்டோம், தடையில்லை என்றார். என் மனைவிக்கு யூவே பிடித்திருக்கிறது. பெண் செடியில்தான் பழம் வரும் என்பதாலும், காய்க்கும் வயதுக்குள் மகள் வளர்ந்துவிடுவாள் என்பதாலும் துணிகிறோம். இலையைப் பற்றி அவளுக்கு இப்போதே சொல்லி வைக்கிறோம். அரை மீட்டருக்கு ஒன்றாக 28 செடிகள். ஆனால் நேற்று மாலை இரண்டு முனையிலும் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் ஒன்று வற்றிவிட்டது, தோட்டத்தின் கடைசியில் உள்ள குழியில் நான்கு விரல் நீர் அப்படியே நிற்கிறது.

பதில் (ரெடிங்)

நீர் தேங்கினால் யூ அழுகிவிடும். அந்த முனையில் மட்டும் மண்ணை ஒரு சாண் உயர்த்தி வரப்புப் போலக் கட்டி, அதன் மேல் நடுங்கள். வெறும் வேர்ச் செடி (தொட்டியும் மண்ணும் இல்லாமல் வேரோடு விற்பது) நவம்பரிலிருந்து மார்ச் வரை கிடைக்கும், தொட்டிச் செடியைவிட விலையும் குறைவு. அதற்குள் வரப்பு மண் படிந்துவிடும்.