காப்பிப் பறிப்பு தொடங்கியதும் காலியாகும் ஆறாம் வகுப்பு

கேள்வி: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இது இரண்டாவது வருடம். ஜூனில் நிறைந்திருக்கும் ஆறாம் வகுப்பு, கார்த்திகை பிறந்ததும் கரையத் தொடங்குகிறது. காப்பிப் பழம் பறிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மிளகு. அம்மாக்கள் ஏழு மணிக்கே எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூத்த பிள்ளை கைக்குழந்தைக்குக் காவல்.

போன செவ்வாய்க்கிழமை பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டாம் வகுப்புத் தம்பியை எட்டு மணிக்கே அழைத்து வந்தாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தம்பிக்கு உண்டு, அவளுக்கு இல்லை. அவன் தட்டில் இருந்த ரவா கிச்சடியை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தாள். விரலில் ஒட்டியதைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள், வாயில் வைக்கவில்லை. கணக்குப் பாடத்தில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் எப்படி வருவார்கள்? பள்ளிக்கூடம் தன் அளவில் என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்

அம்மா, கருமந்துறை மலைப் பக்கம் பதினோரு வருடம் ஆசிரியராக இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பெற்றோரைக் கூப்பிடாதீர்கள், நீங்கள் போங்கள். பொழுது சாய்ந்து அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் போனால் அப்பா, அம்மா இரண்டு பேருமே இருப்பார்கள். வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோக வேண்டாம். பிள்ளையின் நோட்டைக் கொண்டுபோய், அது நன்றாக எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டுங்கள்.

பசிக்கு நாங்கள் செய்தது அவலும் நாட்டுச் சர்க்கரையும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, கடைக்காரர் ஒருவர் மூட்டையாகக் கொடுத்தார். மணி அடிப்பதற்கு முன் வரும் பெரிய பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம். யார் ஏழை என்று பிரிக்கவில்லை, வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம். பிரித்திருந்தால் வேண்டியவர்களே கை நீட்டியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அலைச்சல் அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டுக் கல்லூரியில் சேர முடியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள்.

பதில்: எஸ்டேட் வீட்டுப் பெண், சேலம்

டீச்சர், உங்கள் மாணவி நான்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் வளர்ந்தேன். இப்போது சேலத்தில் நர்சிங் மூன்றாம் வருடம்.

முதலில் படித்த பள்ளியில், பறிப்புக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தேன். வகுப்பு வாசலில் நிற்க வைத்து, “காப்பித் தோட்டத்துக்கே போ” என்றார்கள். அன்று போனவள் ஒரு மாதம் திரும்பவில்லை. படிக்கப் பிடிக்காமல் இல்லை. அந்த வாசலைத் தாண்டத்தான் பயம்.

ஏழாம் வகுப்பில் வேறு பள்ளி. அங்கே ஒரு டீச்சர், “தம்பியையும் தூக்கிக்கொண்டு வா” என்றார். தாழ்வாரத்து உத்தரத்தில் பழைய சேலையில் தூளி கட்டினார். தம்பி அழுதால் நான் எழுந்து போய் ஆட்டிவிட்டு வருவேன், பாடம் எனக்காக நிற்கும். விட்டுப்போன கணக்குகளை மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் தரையில் சாக்கட்டியால் போட்டுக் காட்டுவார்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வை எழுத வைத்ததும் அவர்தான். தேர்ச்சி பெற்றதால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கண்ட பிறகு அப்பா என் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தயவுசெய்து அந்தப் பெண்ணை ஏழாம் வகுப்பிலேயே அந்தத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். அதில் ஒரு பகுதியான மனத்திறன் தேர்வில் 90 கேள்விகள் வரும். பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் மலைப்பாக இருக்கும்.

பதில்: வெள்ளிப் பட்டறைக்காரர், சிவதாபுரம்

மலைக்குக் கீழே எங்கள் பக்கமும் இதே கதைதான். கொலுசு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பையைக் கழற்றியதும் பிள்ளை சலங்கை கோக்க உட்கார்ந்துவிடும். என் மகன் படித்த பள்ளியில் ஆறரை மணி வரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தார்கள். வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிட்டு வருவான். விளக்கும் மின்விசிறியும் போதுமாக இருந்தன.

பதில்: மலைப்பள்ளி ஆசிரியை

ஐயா, விட்டுப்போன பாடங்களுக்கு மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். அவலுக்கு வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

நேற்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். தமிழ் நோட்டில் அவள் எழுதியிருந்த கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். சான்றிதழ் பிள்ளைகள் யாருக்கும் இல்லை. அப்பாவின் சான்றிதழ் ஒன்று தகரப்பெட்டியில் மடித்து வைத்திருந்தது. மடிப்பில் கிழிந்து எண் பாதி தெரியவில்லை. இதை வைத்து விண்ணப்பிக்கலாமா, அல்லது முதலில் நகல் வாங்க வேண்டுமா?