பொருள்: மலை முகாம் பட்டியல் – 'மக்'குக்குத் தமிழ் வேண்டும் (வெள்ளிக்குள்)

கடலூர் முதுநகர், செவ்வாய் இரவு 9.10

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி இயற்கை மன்றம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரைக் கல்வராயன் மலைக்கு இரண்டு இரவு முகாமுக்கு அழைத்துப் போகிறது. கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலைத் தமிழாக்கும் வேலை என் தலையில். வெள்ளி மாலைக்குள் புதுச்சேரி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முதுகுப்பை, போர்வை, கைவிளக்கு எல்லாம் ஆயிற்று. காப்பி குடிக்கிற 'மக்'கில் மாட்டிக்கொண்டேன்.

மூலத்தில் மூன்று வகை சொல்கிறார்கள். ஒற்றைத் தகட்டில் செய்தது. அதையே அடுப்பில் வைத்து வெந்நீர் போடலாம். உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, நடுவில் இடைவெளி விட்டுச் செய்தது. காப்பி ஆறாது, ஆனால் அடுப்பில் வைக்கவே கூடாது. மூன்றாவது, அமுக்கினால் தட்டையாகிவிடும் சிலிக்கோன்.

'மக்கு' என்றே எழுதலாமா என்றால், குளியலறையில் கிடப்பதும் அதுதான், கணக்கு வராத பிள்ளைக்கு விழும் வசவும் அதுதான். உதவுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், செவ்வாய் இரவு 10.45

அம்மா, இதற்கா இவ்வளவு தவிப்பு? குவளை இருக்கிறதே! 'குவ' என்னும் அடி குழிந்தும் திரண்டும் இருப்பதைக் குறிக்கும். குவி, குவவு, குவடு, குவியல் எல்லாம் ஒரே குடும்பம். கோப்பை வேண்டாம். அது போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கியது. பின்லாந்துப் பக்கம் சாமி இன மக்கள் பூர்ச்ச மரத்து முண்டைக் குடைந்து 'குக்சா' என்றொரு குடிகலம் செய்கிறார்கள். அந்தக் 'கு'வும் நம் 'குவ'வும் வேறு வேறு என்று எவராவது நிறுவட்டும் பார்க்கலாம்.

முத்தியால்பேட்டை, புதன் காலை 6.20

ஐயா, பின்லாந்துக்காரர்கள் பாவம், விட்டுவிடுங்கள்.

கோப்பை கப்பலில் வந்தது என்றால் ஜன்னல், அலமாரி, சாவி மூன்றும் அதே கப்பலில்தான் வந்தன. உங்கள் வீட்டில் அவற்றை என்ன செய்தீர்கள்? ஆனால் வேறு காரணத்துக்காக நானும் கோப்பை வேண்டாம் என்பேன். 'ஆளுக்கொரு கோப்பை கொண்டு வரவும்' என்று போட்டால், கபடியில் ஜெயித்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேராவது வருவார்கள்.

என் ஓட்டு டம்ளருக்கு. ஊரில் எல்லாருக்கும் புரியும். இன்னொன்று, ஆங்கிலேயரின் பழைய டம்ளருக்கு அடி உருண்டையாக இருந்ததாம், கீழே வைத்தால் உருண்டுவிடுமாம், அதனால்தான் அந்தப் பெயர். நாம் அதற்குத் தட்டை அடி போட்டு, விளிம்பு மடித்து, கூடவே டவராவும் கொடுத்துவிட்டோம். இனி அது நம் சொல்தான்.

நெய்வேலி, புதன் காலை 8.05

தமிழாசிரியர்கள் நடுவே ஓய்வுபெற்ற பொறியாளன் ஒருவன் புகுந்ததற்கு மன்னிக்கவும். பெயருக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம்.

இந்த மலை 'மக்'குகளை டைட்டானியம் என்னும் உலோகத்திலும் செய்கிறார்கள். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.5 கிராம். எவர்சில்வர் 8-ஐ ஒட்டி வரும், அலுமினியம் 2.7. அலுமினியம் இன்னும் லேசுதானே என்பீர்கள். டைட்டானியம் அதைவிட வலுவானது, தகட்டை மெலிதாக அடிக்கலாம். 450 மில்லி பிடிக்கும் ஒற்றைத் தகட்டுக் குவளை 70 கிராம் சொச்சம்தான் வரும். அலுமினியம் டைட்டானியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். அலுமினிய டம்ளரில் சுடச்சுட டீ வாங்கி உதட்டைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது தெரியும். டைட்டானியமும் சுடாமல் விடாது, தகடு அத்தனை மெலிசு.

இந்த உதட்டுப் பிரச்சினைக்குத்தான் இரண்டு தகடு. ஆனால் யோசித்துப் பாருங்கள், இது வாய் வைத்து உறிஞ்சுகிறவர்களின் பிரச்சினை. அண்ணாந்து குடிக்கிற நமக்கு ஒற்றைத் தகடே போதும். ஆற்றிக்கொள்ளக் கூட ஒரு டவரா இருந்தால் முடிந்தது.

இனி முக்கியமான சங்கதி. இரண்டு தகடுள்ளதை அடுப்பில் வைத்தால் நடுவில் அடைபட்ட காற்று சூடேறி விரியும், போக வழி இருக்காது. ஏற்காட்டில் என் அக்கா மகன் தெரியாமல் அப்படி வைத்துவிட்டான். அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உப்பி, பற்றுவைத்த இடம் 'டப்'பென்று விட்டது. நல்லவேளை யாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆகவே, அடுப்பில் ஏறுமா ஏறாதா என்பதை அந்தப் பெயரே சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் பாடு.

திருப்பாதிரிப்புலியூர், புதன் பகல் 12.30

பொறியாளர் ஐயா சொன்னது நெஞ்சில் தைத்தது. அடுப்பேறு குவளை, அடுப்பேறாக் குவளை. முன்னது வினைத்தொகை. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஓடாக் குதிரை போல. முடிந்தது.

ஆனாலும் மனம் வேறு பக்கம் இழுக்கிறது. புறநானூறு 115-இல் கபிலர் பாரியின் மலையைப் பாடுகிறார். ஒரு பக்கம் அருவி ஆர்க்கிறது. மறுபக்கம் 'பாணர் மண்டை நிறையப் பெய்ம்மார்' வார்த்த தேறல், அதாவது கள், வழிந்து கல்லை அலைத்துக்கொண்டு ஓடுகிறது. மண்டை என்பது அந்தக் காலத்துக் குடிகலம். மலை, அருவி, கையில் கலத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள். நம் பிள்ளைகளும் மலைக்குத்தான் போகிறார்கள். மண்டை என்ற சொல்லை விட இதற்குப் பொருத்தமானது எது?

பாகூர், புதன் பகல் 12.41

ஐயா, 'மண்டையை மறக்காமல் கொண்டு வரவும்', 'மண்டையை அடுப்பில் வைக்கக் கூடாது'. பட்டியலைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியரே முகாமை ரத்து செய்துவிடுவார்.

அடுப்பேறு, அடுப்பேறா எனக்குப் பிடித்திருக்கிறது. பயமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரேயொரு எழுத்து, 'று'வுக்கு 'றா'. மலையில், இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வினைத்தொகையா பெயரெச்சமா என்று பார்த்துவிட்டா அடுப்பைப் பற்றவைப்பான்?

எங்கள் வீட்டில் அப்பாயி இதைக் 'காது வச்ச டம்ளர்' என்பார். பிடி மடங்குகிற வகைக்கு மடிகாதுக் குவளை எனலாமே.

அரியாங்குப்பம், புதன் மாலை 5.15

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் அரிக்கமேடு, பழைய துறைமுகம் இருந்த இடம். 1945-இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் சிவப்பு மண்கல ஓடுகள் கிடைத்தன, மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன. ஆக, கடல் கடந்து வந்த குடிகலத்துக்கு என்ன பெயர் வைப்பது என்கிற இந்தச் சண்டையை நம் ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே யாரோ தொடங்கியிருப்பார்கள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது.

கடலூர் முதுநகர், புதன் இரவு 9.50

அரிக்கமேடு நன்றாக இருந்தது, நன்றி. எனக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

குவளை என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் தாவரவியல் ஆசிரியை மட்டும் 'அது குளத்துப் பூ' என்கிறார். பூவை யாரும் மலைக்குக் கட்டிக்கொண்டு வரமாட்டார்கள், அது போகட்டும். ஒற்றைச் சுவர்க் குவளை, இரட்டைச் சுவர்க் குவளை என்று போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அடுப்பில் வைக்கலாம்', 'அடுப்பில் வைக்கக் கூடாது' என்று எழுதிவிடலாமா?

முத்தியால்பேட்டை, புதன் இரவு 10.02

சுவரா? குவளை என்ன வீடா, சுவர் வைக்க? ஆங்கிலத்தில் சுவர் என்கிறார்கள் என்பதற்காக நாமும் செங்கல் அடுக்க வேண்டியதில்லை. ஈரடுக்கு என்னுங்கள்.

நெய்வேலி, வியாழன் காலை 7.30

ஈரடுக்கு வேண்டாம். பாத்திரக் கடையில் அடுக்கு என்றால் டிபன் கேரியர். ஒன்றன்மேல் ஒன்று என்று அர்த்தமாகும். இது ஒன்றுக்குள் ஒன்று.

முத்தியால்பேட்டை, வியாழன் காலை 7.48

சரி, அப்படியானால் ஈருறைக் குவளை. உறைக்குள் உறை. ஒற்றைக்கு ஓருறை. சுருக்கம், சுத்தம்.

பாகூர், வியாழன் காலை 8.10

அண்ணா, ஈருறை என்றதும் எனக்கு ஈர்கோலிதான் நினைவுக்கு வருகிறது. தலை அரிக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர், வியாழன் பகல் 1.00

தலை என்று சொன்னதால் மறுபடி நினைவூட்டுகிறேன். மண்டை.

கடலூர் முதுநகர், வியாழன் இரவு 8.30

எண்ணிப் பார்த்துவிட்டேன். குவளைக்கு ஐந்து பேர், டம்ளருக்கு இரண்டு, மண்டைக்கு ஒன்று. சுவருக்கு மூன்று, ஈருறைக்கு ஒன்று. மீதிப் பேர் அலுத்துப்போய் 'எதையாவது போடுங்கள்' என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். அவர்களைச் சுவர்ப் பக்கம் சேர்த்துக்கொண்டேன். சிலிக்கோன் வகைக்கு அமுக்குக் குவளை. அதில் யாரும் சண்டை போடவில்லை, ஆச்சரியம். தம்பியின் மடிகாது அழகாக இருக்கிறது, ஆனால் பட்டியலில் அந்த வகை இல்லை. அடுத்த முறைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், வியாழன் இரவு 9.05

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஒப்புக்கொள்ளவில்லை. முகாமுக்கு என்னையும் அழைத்தால் பித்தளை லோட்டாவோடு வருவேன். ஒற்றைத் தகடு, அடுப்பேறும்.

கடலூர் முதுநகர், வெள்ளி மாலை 6.40

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. 'இரட்டைச் சுவர்' தட்டச்சுப் பிழை என்று நினைத்து அவர்களே திருத்தியிருக்கிறார்கள். 'இரட்டைச் சுவைக் குவளை – அடுப்பில் வைக்கக் கூடாது.' போன் போட்டுச் சுவரை மறுபடி எழுப்பச் சொன்னேன். 'குவளைக்கு ஏதும்மா சுவரு?' என்று கேட்டார் அச்சகத்துக்காரர்.

முத்தியால்பேட்டை, வெள்ளி மாலை 6.43

அந்த அச்சகத்துக்காரரையும் நம் குழுவில் சேர்த்துவிடுங்கள்.