ஸ்விஃப்ட் முன்பக்கத்தில் கடகட சத்தம்: புஷ் மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

மலையேறும் வாத்தியார்

வணக்கம். என்னிடம் இருப்பது 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வீடு சேந்தமங்கலத்தில், பள்ளிக்கூடம் கொல்லிமலையில். காரவள்ளியில் ஆரம்பித்துச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் தினமும் போய்வரும் கார் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சில மாதங்களாக இடது முன்பக்கத்தில் ஒரு கடகட சத்தம். வேகமாகப் போனால் கேட்பதில்லை. ஊருக்குள் மெதுவாக, ஒட்டுப்போட்ட சாலையில் போகும்போதுதான் கேட்கிறது. மலையிறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் 'டொக்' என்று ஒரே ஒரு தட்டு. இடது டயரின் உள்விளிம்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

சர்வீஸ் நிலையத்தில் பார்த்தார்கள். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு, அவற்றைக் காரோடு பிணைக்கும் மேல் மவுண்ட், சக்கரத்தைக் கீழே காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராட் இரண்டு, பின்பக்க ஷாக் இரண்டு, கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்க்குப் பட்டியல் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், பழகிய மனிதர். அவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "லேத்தில் கொடுத்துப் புஷ் அடிக்கலாம், ஷாக்கில் எண்ணெய் மாற்றலாம், பால் ஜாயின்ட்டை இறுக்கித் தரலாம், நான்காயிரத்தில் முடித்துவிடலாம் சார்" என்கிறார். புஷ் என்பது ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பராம், பால் ஜாயின்ட் என்பது ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் குண்டு மூட்டாம்.

இந்தக் காரை விற்றால் இரண்டரை லட்சம் தேறினால் பெரிய விஷயம். அதற்கு 31,000 செலவழிப்பதா என்பது என் கேள்வி. விற்றுத் தொலையுங்கள் என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நானும் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் தொழில் கற்றவன்தான். பிறகு கார் வேலைக்கு வந்தேன். அதனால் உங்கள் தெரு மெக்கானிக் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிகிறது. அவர் ஏமாற்றுகிறவர் அல்ல. லாரியில் பெரும்பாலும் எல்லாம் பிரித்துச் சேர்க்கும்படி செய்யப்பட்டவை. பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்தால் அதை மட்டும் மாற்றலாம். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் தேய்ந்தால் பின்னையும் புஷ்ஷையும் மாற்றி, துளையைச் சீராக்க ரீமர் போட்டு, கிரீஸ் அடித்தால் மறுபடி லட்சக்கணக்கில் ஓடும். கிரீஸ் அடிக்க நிப்பிளே வைத்திருப்பான். உங்கள் காரின் பால் ஜாயின்ட்டில் அந்த நிப்பிளைத் தேடிப் பாருங்கள், இருக்காது. மூடி ஒட்டி அனுப்பிய பொருள் அது. அதைத் திறந்து வேலை பார்ப்பது பழுதுபார்ப்பது ஆகாது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பால் ஜாயின்ட்டை 'இறுக்குவது' என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? கிண்ணத்தின் விளிம்பை அடித்து உள்ளே மடக்குவார்கள். ஆட்டம் அன்றைக்கு நின்றுவிடும். உள்ளே குண்டும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் இருக்கையும் தேய்ந்தது தேய்ந்ததுதான். ரப்பர் உறை கிழிந்து மண்ணும் தண்ணீரும் புகுந்திருந்தால், கிரீஸ் மண்ணோடு கலந்து உப்புத்தாள் போல அரைத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. அது கொண்டை ஊசி வளைவில் நடக்க வேண்டுமா? இந்த ஒரு சாமானில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. ஆட்டம் இருந்தால் மாற்றம், அவ்வளவுதான். உங்கள் காரில் கம்பெனி சாமானாக வாங்கினால் ஆர்மோடு சேர்ந்தேதான் வரும்.

லோயர் ஆர்ம் புஷ் வேறு கதை. அது வெறும் ரப்பர், நடுவில் இரும்புக் குழல். லேத்தில் பிரஸ்ஸில் வைத்துப் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்றுவது நியாயமான வேலை, நானே செய்கிறேன். மேல்பரப்பில் முடி அளவு வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ரப்பர் குழலை விட்டுப் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் அடிக்கும்போது ஒரே தட்டு என்கிறீர்களே, எனக்கு ஆர்மின் பின்பக்கத்துப் பெரிய புஷ் மேல்தான் சந்தேகம். பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் இழுபடுகிறது, கிழிந்த புஷ் இடம் கொடுக்கிறது. டயரின் உள்விளிம்பு தேய்வதும் அதோடு பொருந்துகிறது.

ஆனால் கூலியைக் கணக்குப் போடுங்கள். புஷ் அடிக்கவும் ஆர்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஆர்ம் மாற்றவும் கழற்றித்தான் ஆக வேண்டும். பால் ஜாயின்ட் கல்போல இருந்தால் புஷ் மட்டும் போடுவது லாபம். அதிலும் லேசாக ஆட்டம் இருந்தால் இன்று புஷ், ஆறு மாதத்தில் ஆர்ம் என்று ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

ஷாக்கில் எண்ணெய் மாற்றுவது பற்றி. குழாயில் துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, துளையை அடைத்துத் தருவார்கள். பல கார்களின் ஷாக்கில் எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவும் அழுத்தத்தில் இருக்கிறது. துளை விழுந்ததும் அது போய்விடும். வாயு அழுத்தம் இல்லாவிட்டால் எண்ணெய் நுரைக்கும், நுரைத்த எண்ணெய் பிடிமானம் தராது. பட்டறை வாசலில் காரை அமுக்கிப் பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தெரியும், மலையில் பாதி இறங்குவதற்குள் கட்டில் போல ஆடும். உங்கள் காரின் முன்பக்க ஷாக் வெறும் அதிர்வு தாங்கி அல்ல, சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் தூணும் அதுவே. அதில் துளை போட நான் சம்மதிக்க மாட்டேன்.

அதற்காக, ஈரமாக இருக்கிறது என்றதும் மாற்றச் சொல்வதும் சரியில்லை. தண்டின் சீல் அருகே மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் சாதாரணம். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் குழாயின் அடிவரை வழிந்திருந்தால் ஷாக் போய்விட்டது. காய்ந்தே இருந்தால் அதை விடுங்கள்.

கடகட சத்தம் பெரும்பாலும் லிங்க் ராட்தான். இரு பக்கத்தையும் இணைத்துக் காரின் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் இருக்கும் சிறு கம்பி அது. பட்டியலிலேயே விலை குறைந்த சாமான், சத்தத்தில் மட்டும் பெரிய ஆள். சோதிக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்காதீர்கள். அப்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் கைக்குத் தெரியாது. இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

முதலில் இவற்றைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பின்பக்க ஷாக்கைப் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள் என்றும் கேளுங்கள். அது போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஓசூர் கணக்கர்

பட்டறைக்காரர் தொழிலைச் சொல்லிவிட்டார், நான் காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பட்டியல் எந்தத் தேதியில் போட்டது என்று பாருங்கள் சார். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28. பழைய விலையில் அடித்த தாளாக இருந்தால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

காப்பீட்டில் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தேய்மானத்துக்குப் பணம் வராது. பள்ளத்தில் இறங்கி ஆர்ம் வளைந்தால் அது விபத்து, அது வேறு.

இரண்டரை லட்சம் காருக்கு 31,000 அதிகம் என்ற கணக்கை மட்டும் நான் ஏற்க மாட்டேன். விற்றால் வேறொரு பழைய கார்தான் வாங்குவீர்கள். அதன் புஷ் எந்த நிலையில் இருக்கும் என்று யார் கண்டது? உங்கள் காரில் எது போயிருக்கிறது என்பதாவது தெரியும்.

மலையேறும் வாத்தியார்

இருவருக்கும் நன்றி. தெரு மெக்கானிக்கை வைத்தே பார்த்தேன். பட்டறைக்காரர் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் முறைத்தார், பிறகு ஆர்வமாகிவிட்டார்.

காரின் இரு பக்கத்தையும் தூக்கிவைத்து லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினோம். இடதுபக்கம் விரலாலேயே ஆடுகிறது. வலதுபக்கம் இறுக்கமாக இருக்கிறது. லோயர் ஆர்மின் பின்புஷ்ஷுக்குள் லீவரை நுழைத்து நெம்பினார், இடதுபக்கம் ரப்பர் வாய் பிளந்தது போலத் திறந்து மூடியது. உள்ளே குழல் பளபளவென்று தெரிந்தது. வலதுபக்கம் வெடிப்பு மட்டும்தான். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து நான் ஆட்ட, அவர் படுத்துக்கொண்டு பால் ஜாயின்ட்டில் விரல் வைத்துப் பார்த்தார். இடதுபக்கம் லேசாக ஆட்டம் இருக்கிறது என்றார், உறையும் கிழிந்து கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கியிருக்கிறது. வலதுபக்கம் அசைவில்லை, உறையும் முழுதாக இருக்கிறது.

ஷாக் இரண்டையும் துடைத்துவிட்டு ஓட்டினேன். காய்ந்தே இருக்கின்றன. நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்டும் மேலே எங்கோ 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. பின்பக்க ஷாக் ஏன் என்று சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். "இவ்வளவு கிலோமீட்டர் ஓடிவிட்டதே சார்" என்பதுதான் பதில்.

பட்டறைக்காரன்

நல்லது. இனி பாதிப் பட்டியல் தானாகவே கிழிந்துவிடும்.

இடதுபக்கம் ஆர்ம் முழுதாகப் புதியது. வலதுபக்கம் ஆர்மை விட்டுவிட்டுப் புஷ் மட்டும் அடியுங்கள், பால் ஜாயின்ட்தான் நன்றாக இருக்கிறதே. ஒருபக்கம் மட்டும் புதிய ரப்பர் இருந்தால் பிரேக் அடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுக்கலாம், அதனால் வலதுபக்க வெடிப்பையும் சேர்த்தே முடிப்பது நல்லது. லிங்க் ராட் இரண்டும் மாற்றுங்கள், விலை குறைவு. இரண்டு ஷாக்கும் அப்படியே இருக்கட்டும், பின்பக்கமும் அப்படியே.

ஸ்டீயரிங் திருப்பும்போது வரும் 'டங்' மேல் மவுண்ட்டின் பேரிங். அது சிக்கிக்கொண்டதால் ஸ்பிரிங் முறுக்கேறித் துள்ளுகிறது. மவுண்ட்டும் பேரிங்கும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு ஷாக்கை இறக்கி ஸ்பிரிங்கை அமுக்க வேண்டியிருக்கும். அதற்கென்று திருகுக் கருவி உண்டு. அது இல்லாமல் கம்பியால் கட்டிவைத்துக் கழற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் முகம் போய்விடும். உங்கள் மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இல்லை என்றால் மவுண்ட்டை மட்டும் வேறிடத்தில் செய்யுங்கள்.

இப்போது நான் சொல்வதை, ஆர்ம் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள் ஐயா. ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி கிழியும். போல்ட்டைத் தளர்வாக நுழைத்து, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். புதிய புஷ் சீக்கிரம் போய்விட்டது, சாமான் டூப்ளிகேட் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

ஏற்காடு டிரைவர்

நடுவில் ஒரு கேள்வி அண்ணா. சென்னைக்குப் போகும்போது புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் ஒன்று எடுத்துவரலாமா? இன்னொன்று, ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போட்டால் ஆயுசு அதிகம் என்கிறார்களே?

பட்டறைக்காரன்

தம்பி, புதுப்பேட்டையில் கதவு வாங்குங்கள், விளக்கு வாங்குங்கள், சக்கரம் மாட்டும் முழு இரும்பில் ஆன நக்கிள் கூட வளைவு பார்த்து வாங்குங்கள். ரப்பரும் பால் ஜாயின்ட்டும் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். எவ்வளவு ஓடியது என்று அதில் எழுதியிருக்காது. மோதிய வண்டியிலிருந்து வந்த ஆர்ம் வளைந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, அலைன்மென்ட் மேஜையில்தான் தெரியும்.

பாலியூரிதேன் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடினமானது. சாலையின் ஒவ்வொரு கல்லையும் உட்காருகிற இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும், கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தும். போட்டி ஓட்டுகிறவர்களுக்குச் சரி. வாத்தியார் பள்ளிக்கூடம் போகிற காருக்குக் கம்பெனி ரப்பரே போதும்.

மலையேறும் வாத்தியார்

சாமான் விலை விசாரித்தேன். இடது ஆர்ம், வலது புஷ், லிங்க் ராட் இரண்டு, மவுண்ட் இரண்டு, கூலியோடு 10,500 ரூபாய்க்குள் வருகிறது. ஸ்பிரிங் அமுக்கும் கருவி எங்கள் மெக்கானிக்கிடம் இல்லை, ராசிபுரத்தில் தெரிந்த பட்டறையில் மவுண்ட் வேலையை முடித்துத் தருகிறேன் என்கிறார். அலைன்மென்ட் உடனே பார்க்க வேண்டுமா, சில நாள் ஓட்டிவிட்டுப் பார்க்கலாமா? அந்த டயரை என்ன செய்வது?

பட்டறைக்காரன்

உடனே பாருங்கள், மலையேறுவதற்கு முன்பே. ஆர்ம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் அது நோக்கும் திசையும் மாறியிருக்கும். உங்கள் காரில் பின்பக்கம் ஒரே துண்டு அச்சு, அங்கே திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை, ஆனாலும் நான்கு சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு, இரண்டையும் தாளில் அச்சடித்து வாங்குங்கள். தேய்ந்த டயரில் கம்பி தெரிந்தால் அதைத் தூக்கிப்போடுங்கள். தெரியாவிட்டாலும் பின்பக்கம் போட்டு ஓட்டாதீர்கள், வழவழப்பான டயர் பின்னால் இருந்தால் ஈரச் சாலையில் கார் சுழன்றுவிடும்; மலைச் சாலையில் மழை தொடங்குவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.