புதுப்பிப்பு: குதிநாண் வலி, 12 வாரங்களுக்குப் பிறகு

தோட்டத்துத் திடலில் பந்தாடியதில் வலது குதிகாலுக்கு மேலே, கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண் தடித்து, காலையில் முதல் அடி வைக்கவே முடியவில்லை என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். ஊசியா, அறுவையா என்றும் கேட்டிருந்தேன். இரண்டுமே தேவைப்படவில்லை.

ஈப்போவில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் கெண்டைக்காலை அழுத்தி, பாதம் அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது; அப்படியென்றால் நாண் அறுபடவில்லை. ஓய்வுக்குப் பதில் பளுவையே மருந்தாகத் தந்தார். 1998-இல் சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் குழுவினர் வெளியிட்ட முறை அது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசற்படியின் விளிம்பில் முன்பாதம் பதித்து, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெல்லக் கீழே இறக்குவேன். முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று சுற்று, மடக்கியும் அதே அளவு, இரு வேளையும். நாளொன்றுக்கு 180.

முதல் இரண்டு வாரம் வலி கூடவே செய்தது. "கால் கெட்டுப்போகும், போதும் ஐயா" என்று அம்மா தைலத்தோடு வந்து நிற்பார். விடவில்லை. ஆறாம் வாரத்தில் ஒரு காலை, அடுப்படி வரை நடந்த பிறகுதான் நொண்டவில்லை என்பது உறைத்தது. கண் கலங்கிவிட்டது. பிறகு முதுகுப்பையில் 5 கிலோ அரிசி ஏற்றிக்கொண்டேன். படி விளிம்பில் நான் நிற்கும் இடத்தில் மட்டும் இப்போது பாசி இல்லை.

ஒன்று மட்டும்: யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் 'பட்' என்று வலித்தால் நாண் அறுந்திருக்கலாம்; இந்தப் பயிற்சி வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நேற்று திடலை இரண்டு சுற்று ஓடினேன்.