விசுவாசத்துக்கு முன்மாதிரின்னு எங்க அம்மாயியைச் சொல்லலாமா?

மலைத்தூறல் (ஹட்டன்) கேட்டது:

சபை வாலிபர் கூட்டத்துல அடுத்த மாசம் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. "என் விசுவாசத்துக்கு முன்மாதிரி யார்?" என்பதுதான் தலைப்பு. போன மாசம் பேசின தம்பி தானியேலைச் சொன்னான், அதுக்கு முந்தி ஒரு தங்கச்சி ரூத்தைச் சொன்னா. எனக்கு வாயில வர்ற ஒரே பேர் எங்க அம்மாயி, அதாவது பாட்டி. அதுலதான் சிக்கல்.

அம்மாயி முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. எழுதப் படிக்கத் தெரியாது, தராசு முள்ளு மட்டும் நல்லாத் தெரியும். 1997இல் நான் அஞ்சாம் வகுப்பு. ஒருநாள் சாயத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கிட்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருந்தேன். அந்தி நிறுவை நடக்குது. கணக்கப்பிள்ளை அம்மாயியோட கொழுந்தை நிறுத்துட்டு, "இருபத்தியொண்ணு"ன்னு சொல்லி எழுதிட்டாரு. அம்மாயி நகரல. இடுப்புல கட்டின படங்கை அவுத்துக்கிட்டே சொன்னாங்க: "ஐயா, முள்ளு பதினெட்டுலதான் நின்னுச்சு. அதைத் திருத்துங்க. அப்படியே இன்னொண்ணு, மழையே இல்லாத நாள்ல தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறீங்களே, அதையும் திருத்துங்க."

மடுவமே அமைதியாயிடுச்சு. ரெண்டாவது கேள்விக்கு அவர் பதிலே சொல்லல. முதல் கேள்விக்குச் சூடாகிட்டாரு. "அப்ப எல்லாருதையும் பார்ப்போம்"னு ஏற்கெனவே எழுதினதையெல்லாம் மறுபடி நிறுத்தாரு. அம்மாயியோட சொந்தத் தங்கச்சி, எங்க சின்னம்மாயிக்கு மூணு கிலோ கொறைஞ்சுபோச்சு. தண்ணிக் கழிவு மட்டும் அப்படியே இருந்துச்சு.

சின்னம்மாயி அன்னைக்குப் பேச்சை நிறுத்தினாங்க. பதினொரு வருஷம். தோட்டத்து வரிசை வீடுகள்ல ஒரே லயம், நடுவுல மூணே காம்பரா வீடு. கோயில்ல ஒருத்தர் இந்தப் பக்கம், மத்தவர் அந்தப் பக்கம். ரெண்டு பேரும் திருவிருந்து எடுப்பாங்க. அம்மாயி ஒரு தடவைகூட அந்தக் காம்பரா வாசலை மிதிக்கல, "நான் என்ன பொய்யா சொன்னேன்?"னு கேட்பாங்க. 2008இல் அம்மாயி படுக்கையில விழுந்த பிறகுதான் சின்னம்மாயி கஞ்சிச் சட்டியோட வந்தாங்க. ரெண்டு மாசத்துல அம்மாயி போயிட்டாங்க.

நான் இன்னைக்கு ஒரு கடையில கணக்கு எழுதுறேன். எண் கூடுனாலும் கொறைஞ்சாலும் அந்த மடுவம்தான் கண்ணுல வரும். ஆனா பதினொரு வருஷப் பகையை வச்சுக்கிட்டு இவங்களை எப்படி முன்மாதிரின்னு சொல்றது? சண்டையை மறைச்சுட்டுப் பேசினா நானே இருபத்தியொண்ணுன்னு எழுதுற மாதிரி ஆயிடுமே?

கல்லும்முள்ளும் எழுதியது:

மனுஷரைக் காட்டாதீங்க அண்ணே. எபிரெயர் 12:2 இயேசுவை நோக்கச் சொல்லுது, வேற யாரையும் இல்ல. நான் ஒரு பிரசங்கியாரைப் பார்த்துதான் வேதம் வாசிக்கவே தொடங்கினேன். அவர் கூரைக்குன்னு சேர்த்த காசு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் கோயில் பக்கமே போகல நான்.

பழைய வாத்தியார் (நுவரெலியா) எழுதியது:

தம்பி கல்லும்முள்ளும், உங்கள் வலி புரிகிறது. ஆனால் அதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். "அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்." முடிவை, கவனியுங்கள். உங்கள் பிரசங்கியாரின் முடிவை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவருக்குப் பொன்னாடை போட்டுவிட்டோம், நானும் போட்டவன்தான்.

மலைத்தூறல் தம்பி, பாட்டியைச் சொல்வதில் தவறே இல்லை. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பவுல் அவன் பாட்டி லோவிசாளைப் பேர் சொல்லித்தான் எழுதுகிறார். சண்டையா? பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுப் பிரிந்தே போனார்கள், லூக்கா அதை மறைக்கவில்லை. பிறகு சிறையிலிருந்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார்.

இன்னொன்று. டிக்கோயாவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் 1878இல் கட்டின வார்லி கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அவர்கள் கல்லறை எல்லாம் பேரோடும் வருஷத்தோடும் இருக்கிறது. 1854இல் கோப்பித் தோட்டங்களில் தொடங்கிய தமிழ் கூலி மிஷனில் திருநெல்வேலி உபதேசிமார் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரின் பேரைச் சொல்லச் சொன்னால் நம் வாலிபர் எத்தனை பேர் சொல்வார்கள்? நம் ஆட்களை நாம் சொல்லாமல் யார் சொல்வது.

பதுளைக்காரி எழுதியது:

நாங்க கத்தோலிக்கர், அதனால எனக்கு உடனே புனித யோசேப் வாஸ் அடிகளார்தான் ஞாபகம் வந்தார். கோவாவுல பிறந்தவர். டச்சுக்காரன் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தின காலத்துல, 1687இல் கூலியாள் வேஷத்துல யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தா ஒற்றன்னு பிடிச்சு அடைச்சுட்டாங்க. 1697இல் கண்டியில பெரியம்மை. ஓட முடிஞ்சவங்க ஓடினாங்க, இவர் இருந்து நோயாளிகளைத் தொட்டுப் பராமரிச்சார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடல்ல அவரைப் புனிதராக்கினப்போ நானும் அந்தக் கூட்டத்துல நின்னேன், கால் வலி மறக்காது.

சொல்ல வந்தது இது. அடைச்சு வச்ச ஊருக்கே அவர் கை நீட்டினாரே, அதைத்தான் உங்க கதையில நான் தேடினேன். கண்டது அம்மாயிகிட்ட இல்ல. மூணு கிலோவை இழந்தவங்க, பதினொரு வருஷம் கழிச்சுக் கஞ்சிச் சட்டியோட அந்த மூணு காம்பராவைக் கடந்தாங்களே, அவங்ககிட்ட. கோபிக்காதீங்க, நீங்க ஆளை மாத்திப் பிடிச்சிருக்கீங்கன்னு தோணுது. அவங்க உயிரோட இருந்தா முதல்ல அவங்ககிட்டக் கேளுங்க. அந்தச் சண்டை உங்க ஒருத்தரோட சொத்து இல்லையே.

மலைத்தூறல் எழுதியது:

பதுளைக்காரி அக்கா, ரெண்டு நாள் உங்க பதிலையே திரும்பத் திரும்பப் படிச்சேன். முதல்ல கோபம்தான் வந்துச்சு, உண்மையைச் சொல்றேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அந்தக் கஞ்சியை நான் அந்தப் பக்கத்துல இருந்து பார்த்ததில்ல.

சின்னம்மாயி மஸ்கெலியாவுல மக வீட்டுல இருக்காங்க. நேத்து ராத்திரி போன் பண்ணி, இப்படிக் கூட்டத்துல சொல்லப்போறேன், சம்மதமான்னு கேட்டேன். காது மந்தம், மூணு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்துச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அழுறாங்களோன்னு நெனச்சேன்.

"சொல்லு சாமி, ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்லு. ஆனா எனக்கு அன்னைக்குக் கொறைச்சது மூணு இல்ல, நாலு கிலோ. அக்காவைப் பத்திப் பேசுறப்ப கணக்கு சரியா இருக்கணும்"னாங்க.