அப்பாவுக்கு மாஸ் பழைய சின்ன டி-சட்டை: 1937, 1947, 1972 - இவற்றுள் எந்த ஆண்டு சரி?

பாயான் லெப்பாஸ் மகள் (பினாங்கு):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1976-இல் மாஸ் எனப்படும் மலேசிய விமான நிறுவனத்தில் சேர்ந்து, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவிலேயே ஓய்வுபெறும் வரை பணியாற்றியவர். அடுத்த மாதம் அவருக்கு எழுபது வயது நிறைகிறது. அன்றைய விருந்தில் அவர் அணிந்துகொள்வதற்காக, நிறுவனத்தின் பழைய சின்னம் அச்சிட்ட டி-சட்டை ஒன்றை வாங்கித் தரலாம் என்று அண்ணனும் நானும் எண்ணியிருக்கிறோம்.

தேடியதில் மூன்று கண்ணில் பட்டன. முதலாவது சந்தன நிறச் சட்டை. அதில் இரண்டு சுழல்விசிறிகள் கொண்ட விமானமும், வாலில் சிவப்பு வாவ் பட்டமும், கீழே '1947 முதல்' என்ற எழுத்தும் உள்ளன. இரண்டாவது கருநீலச் சட்டை. சிவப்பும் நீலமும் கலந்த வாவ் மட்டும் பெரிதாக இருக்க, அடியில் 1937 என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வெள்ளைச் சட்டை. டிசி-10 விமானம், சிவப்பு வாவ், 1972. அதன் அச்சு இப்போதே வெடித்துப் பழசானது போல இருக்கிறது.

ஒரே நிறுவனத்துக்கு மூன்று பிறந்த ஆண்டுகள் எப்படி இருக்க முடியும்? அப்பா இந்த விஷயத்தில் மிகவும் கறாரானவர். பழைய படத்தில் வரும் விமானத்தின் வால் மாறியிருந்தாலும் அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார். தவறான சட்டையைக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

சுபாங் பழையவர் (கோலாலம்பூர்):

மகளே, மூன்று ஆண்டுகளும் உண்மையானவைதாம். ஆனால் அவை குறிப்பது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை. மலாயன் ஏர்வேஸ் என்ற நிறுவனம் 1937 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் இருவர் கப்பல்காரர்கள்: லிவர்பூலின் ஓஷன் ஸ்டீம்ஷிப் நிறுவனமும், பினாங்குக்காரர்களுக்கு நன்கு பழக்கமான ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் நிறுவனமும். மூன்றாவது பங்காளி பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ். அதே ஆண்டில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு வழித்தடத்தில் வியர்ன்ஸ் என்ற வேறொரு நிறுவனம் முந்திக்கொண்டு பறக்கத் தொடங்கிவிட்டது. பிறகு போரும் வந்தது. ஆக, பத்தாண்டு காலம் மலாயன் ஏர்வேஸ் காகிதத்தில் மட்டுமே இருந்தது. 1947 மே 1-ஆம் தேதிதான் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு ஏர்ஸ்பீட் கான்சல் என்ற சிறிய விமானத்தைக் கொண்டு முறையான சேவை தொடங்கியது. அதில் ஐந்து பயணிகள்தாம் அமர முடியும்.

அதன் பின்னர் பெயர் பலமுறை மாறியது. மலேசியா உருவான 1963-இல் அது மலேசியன் ஏர்வேஸ் ஆனது. 1965-இல் போர்னியோ ஏர்வேஸ் அதனோடு இணைந்தது. சிங்கப்பூர் தனி நாடான பின் இரு அரசுகளும் கூட்டாக நடத்திய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸாக மாறியது. அதுவும் இரண்டாகப் பிரிந்து, 1972 அக்டோபர் 1-ஆம் தேதி மாஸ் தன் பெயரில் பறக்கத் தொடங்கியது. கிளந்தான் வாவ் பட்டம் வாலில் ஏறியது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். நீலம் அதோடு சேர்ந்தது 1987-இல். ஆகவே, சிவப்பும் நீலமுமான வாவுக்கு அடியில் 1937 என்று அச்சிட்ட கருநீலச் சட்டை, தாத்தாவின் திருமணப் படத்தில் பேரனின் முகத்தை ஒட்டியது போன்றதுதான். அதை விட்டுவிடுங்கள்.

சந்தன நிறச் சட்டையைப் பற்றி உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அந்தப் படத்தில் இறக்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இறக்கை சன்னல்களுக்கு மேலே, உடலின் முதுகில் இருந்தால் அது ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப். 1963-இல் வந்து, மாஸ் காலத்திலும் பறந்தது. அதன் வாலில் வாவ் இருப்பதில் பிழையில்லை, கீழே உள்ள ஆண்டுதான் பொருந்தாது. இறக்கை சன்னல்களுக்குக் கீழே இருந்து, தரையில் நிற்கும்போது மூக்கு உயர்ந்து வால் தாழ்ந்திருந்தால் அது கான்சலாகவோ டிசி-3 ஆகவோ இருக்கும். அப்படியானால் ஆண்டு சரி, வாவ் தவறு. உங்கள் தந்தையார் முதலில் பார்க்கப்போவது அந்த இறக்கையைத்தான்.

உட்லண்ட்ஸ் வாசகர் (சிங்கப்பூர்):

ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1947-ஐ எங்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனமும் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. ஒரே கான்சல் விமானத்துக்கு இரண்டு நாட்டுப் பேரப்பிள்ளைகள் இருப்பதால், '1947 முதல்' என்று மட்டும் போட்ட சட்டை எந்த நிறுவனத்துடையது என்பது எங்கள் ஊரில் வாக்குவாதமாகிவிடும். இதேபோல, பணிப்பெண் படம் போட்ட சட்டை கிடைத்தாலும் கவனமாக இருங்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மேன் 1968-இல் கூட்டு நிறுவனத்துக்காக அமைத்த சாரோங் கெபாயா பிரிவினைக்குப் பின் சிங்கப்பூர் பக்கம் வந்துவிட்டது. அந்த உடையோடு மாஸ் என்று எழுதி விற்கும் சட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

செந்தூல் அச்சுக்காரன் (கோலாலம்பூர்):

வரலாற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் துணியையும் அச்சையும் பற்றிச் சொல்கிறேன். வெள்ளைச் சட்டையின் அச்சு வெடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழமைத் தோற்றத்துக்காக வேண்டுமென்றே வெடிப்புக் கோடுகளோடு அச்சிடுவது வேறு, மை சரியாகச் சூடேறிப் பதியாததால் வெடிப்பது வேறு. படத்தின் மேல் விரலை வைத்து, துணியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கோடுகளின் இடையில் துணி மட்டுமே தெரிந்து, மீதி மை அசையாமல் இருந்தால் அது வடிவமைப்பு. இழுக்கும்போது புதிதாகப் பிளவு விழுந்தாலோ, ஓரம் தோல் போல உரிந்து வந்தாலோ, ஒரே வாரத்தில் உங்கள் சலவை இயந்திரம் மீதியையும் உரித்துவிடும்.

மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, சூட்டில் அழுத்தி ஒட்டிய சட்டைகள் இப்போது சந்தையில் மிகுதி. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் மார்பின் மேல் காற்றுப் புகாத ஒரு தகடு இருப்பது போல வியர்த்து வழியும். எழுபது வயதுக்காரருக்கு அது வேண்டாம். திரை அச்சில் செய்த பருத்திச் சட்டையாக, சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் எடையுள்ள துணியாகப் பார்த்து வாங்குங்கள். உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள், அச்சின் மீது நேராக இஸ்திரி போட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. வாவ் சின்னம் ஒரு நிறுவனத்தின் வணிக முத்திரை. அதை அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்பது 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டத்தின்கீழ் வம்பை விலைக்கு வாங்குவதாகும். என்னிடம் கேட்டு வருபவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். ஆனால் சின்னத்தைத் தொடாமல் விமானத்தின் உருவமும் ஆண்டும் ஊர்ப் பெயரும் கொண்ட சட்டையைச் செய்து தருவேன். என்னைக் கேட்டால் அதுதான் அழகாகவும் இருக்கும்.

ஜார்ஜ் டவுன் பெரியவர் (பினாங்கு):

தம்பிகளே, எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டை நிறுவனத்தின் பிறந்தநாளுக்கு அல்லவே, அந்த மனிதரின் பிறந்தநாளுக்குத்தானே? 1937-இலும் 1947-இலும் அவர் பிறக்கவேயில்லை. அவர் சேர்ந்த 1976-ஐப் பற்றி யாருமே பேசவில்லை. மாஸுக்கு டிசி-10 வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான் என்பதை சுபாங் நண்பர் எப்படிச் சொல்லாமல் விட்டார் என்று தெரியவில்லை.

அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டுமானால் கப்பல்தான். 'சிதம்பரம்' கப்பலில் பாய், தலையணை, ஊறுகாய்ப் பாட்டிலோடு ஏறி நாகப்பட்டினத்தில் இறங்குவோம். 1985-இல் அது தீப்பிடித்த பிறகு, விமானத்தை எட்டிப் பார்க்காத குடும்பங்களும் பணம் சேர்த்து மதராஸுக்கு விமானம் ஏறத் தொடங்கின. கப்பலில் கொண்டு போன அதே மூட்டைகளை அதே கயிற்றால் கட்டி விமான நிலையத்துக்கும் எடுத்து வந்தோம். அவற்றைத் தூக்கி ஏற்றியவர்கள் உங்கள் தந்தையாரைப் போன்றவர்கள்தாம். அவர் முதுகு அதை மறந்திருக்காது.

பாயான் லெப்பாஸ் மகள்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சந்தன நிறச் சட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: இறக்கை சன்னல்களுக்கு மேலேதான் இருக்கிறது. ஆக அது ஃபிரெண்ட்ஷிப், ஆண்டு தவறு. கடைக்காரருக்கு எழுதிக் கேட்டதற்கு, "பழைய விமானம் பழைய விமானம்தானே" என்று பதில் வந்தது. வெள்ளைச் சட்டையை நேரில் இழுத்துப் பார்த்த அண்ணன் அதன் ஓரம் உரிகிறது என்றார்.

ஆகவே கடையில் எதையும் வாங்கப்போவதில்லை. செந்தூல் அண்ணா, சின்னம் இல்லாமல் மூன்று இயந்திரங்கள் கொண்ட டிசி-10-இன் பக்கவாட்டு உருவமும், கீழே 'பாயான் லெப்பாஸ் 1976' என்ற வரியும் தமிழில் வருமாறு சந்தன நிறத்தில் செய்து தர முடியுமா? அப்பாவின் மார்பளவு 42 அங்குலம்.

செந்தூல் அச்சுக்காரன்:

செய்து தருகிறேன், தங்கச்சி. மூன்றாவது இயந்திரம் வாலின் அடியில் செங்குத்து இறக்கையை ஊடுருவி நிற்கும். அதைச் சரியாக வரையாவிட்டால் அப்பா என்னையும் விடமாட்டார் என்பதால், அச்சிடும் முன் படத்தை இங்கேயே போடுகிறேன். சுபாங் ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும், ஆதலால் 44 அங்குலத்துக்கே வெட்டச் சொல்கிறேன்.